திருப்பதிக்கு வரும் விருந்தினர்க்கு

மலையடிவாரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துக்கு இரண்டு நிச்சயங்கள் உண்டு. காலையில் கதவைத் திறந்தால் வேங்கடமலை கண்ணில் படும். மாதத்தில் ஒரு முறையேனும் விருந்தினர் வந்து அக்கதவைத் தட்டுவர். சொந்த ஊரில் இருந்தவரை நம்மை அதிகம் நினையாத உறவினரும், நாம் திருப்பதிக்குக் குடிவந்த செய்தி கேட்ட நாள் முதல் நம்மை அன்போடு நினைக்கத் தொடங்கிவிடுகின்றனர். "வெள்ளிக்கிழமை இரவு வருகிறோம், சனிக்கிழமை தரிசனம், ஞாயிறு காலை புறப்பட்டுவிடுவோம். நீங்கள் ஒன்றும் சிரமப்பட வேண்டாம்" என்று தொலைபேசியில் சொல்வார்கள். நால்வர் என்று சொல்லி எண்மர் வருவார்கள்.

இதில் நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை. விருந்தோம்பல் நமக்குப் புதிதன்று. ஆயினும் வந்தவர்களுக்குச் சோறு போட்டு, மலைக்கு பஸ் ஏற்றிவிட்டு, இறங்கி வந்தவுடன் ரயில் ஏற்றிவிடுவதோடு நம் கடமை தீர்ந்துவிடுகிறதா? பதினைந்து ஆண்டுகளாக இவ்வூரில் வாழும் எங்கள் குடும்பம் அப்படித்தான் எண்ணியிருந்தது. ஒரு பிழை செய்த பிறகுதான் எண்ணம் மாறியது. அப்பிழையையும், அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டவற்றையும் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது பயன்படும் என்று கருதுகிறோம்.

எங்கள் பிழை

கும்பகோணத்தில் எங்கள் அத்தை இருக்கிறார். ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதைக் கடந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் அவரை நாங்களே வற்புறுத்தி வரவழைத்தோம். எந்த நாளில்? வைகுண்ட ஏகாதசியில்! புண்ணிய நாளில் தரிசனம் செய்து வைக்கிறோம் என்ற பெருமிதம் எங்களுக்கு. கூட்டத்தின் அளவை அறிந்திருந்தும், "நாங்கள்தாம் உள்ளூரிலேயே இருக்கிறோமே" என்ற துணிவு.

இரவு முழுதும் வரிசையில் நின்றார் அத்தை. கால்கள் வீங்கிவிட்டன. சந்நிதியை அடைந்து கண்ணை உயர்த்திய நொடியில், "ஜரகண்டி, ஜரகண்டி" என்ற குரல் கேட்டது. நகருங்கள் என்பது அதன் பொருள். திருமலைக்குச் சென்ற தமிழர் அனைவரும் அறிந்த தெலுங்குச் சொல் அது ஒன்றே எனலாம். சொல்பவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நாள்தோறும் பல்லாயிரவர் வரும் சந்நிதியில் ஒருவர் நின்றுவிட்டால் பின்னே நிற்பவர்க்கு வழி ஏது?

மறுநாள் ரயில் நிலையத்தில் அத்தை சொன்னார்: "பெருமாளைச் சேவித்தேன், அது என் பாக்கியம். ஆனால் இத்தனை வருஷமாக நீங்கள் குடித்தனம் நடத்துகிற ஊரை நான் பார்க்கவே இல்லையேயப்பா."

அச்சொல் எங்களை உறுத்தியது. அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு விதி ஏற்பட்டது. விருந்தினர் ஒரு நாள் மலையில் கழித்தால், ஒரு நாளேனும் மலையடியில் கழிக்க வேண்டும். "ஜரகண்டி" என்று யாரும் சொல்லாத இடங்கள் இங்கே பல உண்டு.

எப்போது வரலாம்?

முதல் ஆலோசனை, நாளைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாட்கள், பிரம்மோற்சவத்தில் கருட சேவை நாள், புரட்டாசிச் சனிக்கிழமைகள், ஆங்கிலப் புத்தாண்டு, கோடை விடுமுறை ஆகியவற்றில் முதியோரையும் கைக்குழந்தைகளையும் அழைக்க வேண்டாம். 2025 ஜனவரி 8 அன்று, வைகுண்ட ஏகாதசி தரிசனச் சீட்டுக்காக நம் நகரில் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் உயிரிழந்ததை நாம் மறக்க இயலாது. அவர்களும் யாரோ ஒரு குடும்பத்தின் அத்தையும் மாமாவுமே. பெருமாள் எல்லா நாளும் அங்கேயேதான் எழுந்தருளியிருக்கிறார் என்று விருந்தினருக்கு அன்போடு எடுத்துச் சொல்வதில் தவறில்லை.

ஏகாதசிக் கூட்டம் நீங்கலாக மார்கழி நல்ல மாதம். குளிர் இதமாக இருக்கும்; அம்மாதத்தில் திருமலையில் விடியற்காலைச் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஓதப்படுகிறது என்பது தமிழர்க்குத் தனி மகிழ்ச்சி. தை, மாசி மாதங்களில் வார நாட்களும் ஏற்றவை. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சில ஆண்டுகளில் கடுமையாகிவிடும். 2021 நவம்பரில் நகர வீதிகளிலேயே வெள்ளம் ஓடியதையும், அதையடுத்து மலைப்பாதையில் பாறைகள் சரிந்ததையும் நாம் கண்டோம்.

மலைக்குப் போகும் வழி

தரிசனச் சீட்டு பற்றிய விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஆதலால் சென்ற ஆண்டு வந்துபோனவர் சொல்வதை நம்பாமல், புறப்படும் முன் தேவஸ்தானத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதே முறை. கட்டணச் சீட்டுகளை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். அடையாளச் சான்று ஒவ்வொருவர் கையிலும் இருத்தல் அவசியம். ஆடவர் வேட்டியும் மகளிர் புடவையும் அணிந்து வந்தால் எந்த வரிசையிலும் இடையூறு நேராது. செல்பேசியைக் கோயிலுக்குள் கொண்டுபோக இயலாது. தண்ணீருக்குப் பிளாஸ்டிக் புட்டி வேண்டாம். செம்போ எவர்சில்வர் புட்டியோ போதும்.

தெருவில் நின்று, "உடனே தரிசனம் செய்து வைக்கிறேன், அறை வாங்கித் தருகிறேன்" என்று தமிழிலேயே குழைந்து பேசும் தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. தமிழ் பேசுகிறாரே என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் உறவினர் ஒருவர் இரண்டாயிரம் ரூபாய் இழந்தார்.

நடந்து ஏற விரும்புவோர்க்கு இரண்டு பாதைகள் உள்ளன. அலிபிரிப் பாதையில் சுமார் 3,550 படிகள். ஏறத்தாழ 9 கிலோமீட்டர். பெரும்பகுதிக்கு மேற்கூரை உண்டு. தொடக்கத்தில் ஏற்றம், காளிகோபுரத்துக்குப் பின் ஓரளவு சமநிலம், முடிவில் மீண்டும் செங்குத்து. அந்தக் கடைசி ஏற்றத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர் "முழங்கால் முறிச்சான்". பெயரே எச்சரிக்கை. மற்றொன்று ஸ்ரீவாரி மெட்டு. சீனிவாச மங்காபுரத்துக்கு அருகே தொடங்கும் இதில் சுமார் 2,400 படிகள்; தூரம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. குறுகியதேயாயினும் மூச்சு வாங்கும். இரண்டிலும் மூட்டையைக் கீழே ஒப்படைத்துவிட்டு மேலே பெற்றுக்கொள்ளலாம்.

இப்பாதைகள் சேஷாசலக் காட்டின் நடுவே செல்கின்றன. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் சிறுத்தை ஒரு சிறுமியைக் கொன்றது. அதன்பின் குழந்தைகளோடு ஏறுவதற்கு நேர வரம்புகள் விதிக்கப்பட்டன. நேரத்தை விசாரித்துக்கொண்டு, பகலில், பலரோடு சேர்ந்து, குழந்தைகளைக் கைப்பிடித்து நடக்க வேண்டும். குழந்தையை முன்னே ஓடவிட்டுப் பின்னே அரட்டையடித்து வரும் பழக்கம் இங்கே ஆகாது.

நடக்க இயலாதவர்க்கு பஸ் இருக்கிறது. 1944-ல் முதல் மலைச்சாலை திறக்கப்படும் வரை டோலியிலோ கால்நடையாகவோ தான் ஏற வேண்டியிருந்தது. 1974-ல் இரண்டாம் சாலை வந்தபின், பழைய சாலை இறங்குவதற்கும் புதிய சாலை ஏறுவதற்கும் ஆயின. தரிசனம் முடிந்ததும் வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் இலவசமாக உணவளிக்கிறார்கள். செல்வரும் ஏழையரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் அக்காட்சியை விருந்தினர் தவறவிடக் கூடாது.

கோவிந்தராஜர் வீதி

இனி மலையடி. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக் கூடிய தூரத்தில் கோவிந்தராஜ சுவாமி கோயில் இருக்கிறது. பயணிகளில் பலர் அதன் ஏழு நிலைக் கோபுரத்தை பஸ்ஸின் ஜன்னல் வழியே பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சிதம்பரத்துக் கோவிந்தராஜரின் உற்சவ மூர்த்தி இங்கே கொண்டுவரப்பட்டதென்றும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இராமானுஜர் இக்கோயிலை நிறுவினார் என்றும் மரபு கூறுகிறது. கோயிலைச் சுற்றியே கீழ்த் திருப்பதி நகரம் வளர்ந்தது.

இங்கே பெருமாள் சயனத் திருக்கோலத்தில் இருக்கிறார். குபேரனிடம் தம்பி வாங்கிய திருமணக் கடனுக்காகக் காணிக்கைகளை அளந்து அளந்து களைத்து, மரக்காலையே தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார் என்று உள்ளூர் மக்கள் சொல்வார்கள். கடனடைக்கும் குடும்பஸ்தனின் களைப்பை அறிந்தவர்களே இக்கதையை உண்டாக்கியிருக்க வேண்டும்!

அத்தை இரண்டாம் முறை வந்தபோது அவரை முதலில் இங்கேதான் அழைத்துச் சென்றோம். மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, மாலை நேரம். கூட்டம் இல்லை. பிராகாரத்தில் மெல்ல வலம் வந்தோம். நடந்துகொண்டிருந்த அத்தை சட்டென நின்று, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவரை உற்றுப் பார்த்தார். கல்லில் வரிவரியாக எழுத்துகள்.

"இது ப. இது ண. இது ம. பணம்! பணம் என்றல்லவா எழுதியிருக்கிறது!" என்றார்.

எங்கள் மகளுக்கு அப்போது வயது பதினொன்று. பள்ளியில் ஆங்கிலமும் தெலுங்கும் படிக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துத் தெரியாது. "அத்தைப் பாட்டி, இது பழைய தெலுங்கு இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லை கண்ணு. தமிழ்தான். அந்தக் காலத்தில் கல்லில் புள்ளி வைக்காமல் எழுதுவார்கள். அதனால்தான் புரியாதது போல் இருக்கிறது. புள்ளியை நாம் வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும்."

"புள்ளி வைத்திருந்தாலும் எனக்குத் தெரியாதே, பாட்டி" என்றாள் குழந்தை.

அவள் வருத்தத்தோடு சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். வருத்தம் எங்களுக்குத்தான் ஏற்பட்டது. அந்தச் சுவரைக் கடந்து எத்தனை முறை நடந்திருப்போம்! ஒரு முறையேனும் நின்று பார்க்கவில்லை. பார்க்காத பெற்றோர் பிள்ளைக்கு எதைக் காட்டியிருக்க முடியும்?

சுவர் சொல்லும் செய்தி

அதன் பிறகே இதைப் பற்றிப் படித்தோம். திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களிலுள்ள கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1930-களில் தொகுதி தொகுதியாக வெளியிடத் தொடங்கியது. சாது சுப்பிரமணிய சாஸ்திரி என்னும் அறிஞர் அப்பணிக்குத் தம்மை ஒப்படைத்தவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட அக்கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. தெலுங்கிலும் கன்னடத்திலும் உள்ளவையும் உண்டு.

அவை சொல்லும் செய்தி போரும் வெற்றியும் அன்று. பெரும்பாலும் சோறும் தண்ணீருமே. விஜயநகர அரசர் காலத்தில் ஒருவர் கோயிலுக்குப் பணம் அளிப்பார். அப்பணத்தைக் கொண்டு கோயிலுக்குரிய ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுவார்கள். அதனால் விளையும் நெல்லைக் கொண்டு நாள்தோறும் பெருமாளுக்குத் திருப்போனகம் படைப்பார்கள். அதிரசப்படி, அப்பப்படி, சுகியன்படி என்று பணியாரங்களுக்கும் தனித்தனிக் கட்டளை உண்டு. படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடையாளிக்கு உரியது. அதற்குக் கல்வெட்டு வழங்கும் பெயர் "விட்டவன் விழுக்காடு". இன்று நம் செய்தித்தாள்கள் நூற்றுக்கு இத்தனை என்பதைக் குறிக்க வழங்கும் சொல், நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இம்மலையடியில் ஒரு தொன்னைப் பிரசாதத்தின் பங்கைக் குறித்தது!

எழுத்தில் மட்டுமன்று, வழக்கிலும் இது தொடர்கிறது. கோயிலைத் தூய்மை செய்யும் சடங்கின் பெயர் "கோயில் ஆழ்வார் திருமஞ்சனம்". பழங்காலத்தில் கணக்கு ஒப்படைத்த நாளின் நினைவாக நடைபெறும் விழா "ஆனிவார ஆஸ்தானம்". ஆனி நம் மாதம். சந்நிதியின் வாயிற்படி குலசேகரப்படி. இச்சொற்களைத் தெலுங்கு பேசும் அன்பர்கள் நாள்தோறும் பக்தியோடு வழங்குகிறார்கள். நம் பிள்ளைகளோ இவை எம்மொழி என்று அறியாமல் வளர்கிறார்கள். ஆகவே விருந்தினரை அழைத்துச் செல்லும்போது வீட்டுப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கல்லைத் தொடவோ, சுண்ணாம்புக் கட்டியால் தேய்க்கவோ கூடாது. படம் எடுப்பதற்குள்ள விதியை வாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணால் ஓர் எழுத்தைக் கண்டுபிடித்தாலே போதும்.

அருகில் உள்ளவை

திருச்சானூர் நகரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர். அலமேலுமங்கைத் தாயாரைச் சேவித்த பின்பே மலையேறுவது பலர் குடும்ப வழக்கம். இறங்கிய பின் சேவிப்போரும் உண்டு. எதுவாயினும் தாயாரை விட்டுவிட்டு ஊர் திரும்பலாகாது. கார்த்திகைப் பிரம்மோற்சவத்தின் முடிவில் பஞ்சமி தீர்த்த நாளன்று கூட்டம் மிகுதி.

கபில தீர்த்தம் மலையின் அடியில், நகரின் எல்லையிலேயே உள்ளது. சிவன் கோயிலும், மழைக்காலத்தில் பாறையிலிருந்து குளத்தில் விழும் அருவியும் கண்ணுக்கு விருந்து. வைஷ்ணவர்கள் இதனை ஆழ்வார் தீர்த்தம் என்பார்கள்.

சித்திரை வைகாசியில் வரும் விருந்தினருக்கு வாய்ப்பு இருந்தால் தாத்தையகுண்டா கங்கம்மா ஜாத்திரையைக் காட்டுங்கள். ஆடவர் பெண் வேடமும் இன்னும் பல வேடங்களும் பூண்டு அம்மனை வழிபடும் விழா அது. கங்கம்மாவை வேங்கடவனின் தங்கையாகவே மக்கள் கருதுகிறார்கள். மலையிலிருந்து அவளுக்குச் சீர் வருகிறது. நம் ஊர் மாரியம்மன் திருவிழாவைக் கண்டு வளர்ந்தவர்க்கு இங்கே அந்நியம் ஏதும் தோன்றாது.

சந்திரகிரி

ஒரு முழுக் காலைப் பொழுதைச் சந்திரகிரிக்கு ஒதுக்குங்கள். நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். போகும் வழியில் சீனிவாச மங்காபுரத்துக் கல்யாண வெங்கடேசரைச் சேவிக்கலாம். அங்கே அமைதியாக நின்று, பெருமாளின் திருமுகத்தை ஆற அமரப் பார்க்கலாம். மலையில் ஒரு நொடி கண்டவர்களுக்கு அதுவே பெரும் ஆறுதல்.

சந்திரகிரிக் கோட்டையில் ராஜ மகாலும் ராணி மகாலும் இன்றும் நிற்கின்றன. தொல்லியல் துறையின் பொருட்காட்சிச் சாலை ராஜ மகாலில் உள்ளது, வெள்ளிக்கிழமை விடுமுறை. சென்னையிலிருந்து வரும் விருந்தினர்க்கு இங்கே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தலைக்கோட்டைப் போருக்குப் பின் எஞ்சிய விஜயநகர அரசுக்குச் சந்திரகிரி தலைநகராக விளங்கியது. அவ்வரசுக்குக் கீழ்ப்பட்ட தாமர்ல நாயக்கரே 1639-ல் கடற்கரையில் ஒரு மணல் துண்டை ஆங்கிலக் கம்பெனிக்கு அளித்தார். அங்கே எழுந்தது செயின்ட் ஜார்ஜ் கோட்டை; அதைச் சுற்றி வளர்ந்தது சென்னை. "உங்கள் ஊருக்குக் கால்கோள் விழுந்த கதை எங்கள் ஊரோடு சேர்ந்தது" என்று சொன்னால், சென்னை விருந்தினர் சற்று மரியாதையோடு நம்மைப் பார்ப்பார்கள்!

காளத்தியும் சித்தூரும்

இன்னும் ஒரு நாள் இருந்தால் திருக்காளத்தி. சுமார் 36 கிலோமீட்டர். வாயுலிங்கம்; கண்ணப்ப நாயனாரின் தலம். பழைய இராஜகோபுரம் 2010 மே மாதத்தில் இடிந்து விழுந்தது. புதிய கோபுரத்துக்கு 2017-ல் குடமுழுக்கு நடந்தது. சுவர்ணமுகி ஆற்றங்கரையில் கலம்காரித் துணி ஓவியம் இன்றும் பேனா போன்ற மூங்கில் குச்சியால் கையால் எழுதப்படுகிறது. வாங்குவதானால் அச்சிட்ட துணியா, கையால் எழுதியதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

வேலூர், சேலம் வழியாகத் திரும்புவோர் சித்தூரில் இறங்கிச் செல்லட்டும். திருப்பதியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். அங்கிருந்து வேலூர் சுமார் 35 கிலோமீட்டரே. 1911-ல் சித்தூர் ஜில்லா தோன்றும் வரை, வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகராக இருந்தது இவ்வூர். கடைவீதியில் ஒருவர் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார். கேட்பவர் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார். ஆனி, ஆடியில் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய வண்டிகள் மாங்கூழ்த் தொழிற்சாலைகளின் வாயிலில் வரிசையாக நிற்கும். மலையில் மனிதர் நிற்கும் வரிசையைப் பார்த்து வந்தவர்களுக்கு இதுவும் ஒரு காட்சிதான்.

சித்தூருக்கு 12 கிலோமீட்டர் அருகில் காணிப்பாக்கம். கிணற்று நீரினுள் விநாயகர் எழுந்தருளியிருக்கிறார். முதற் குலோத்துங்க சோழன் காலத்தில் கோயில் எழுந்தது என்பர். பொய் சொல்பவர் இவர் முன் நின்று சத்தியம் செய்ய அஞ்சுவர். "ஒன்றும் சிரமப்பட வேண்டாம்" என்று சொல்லி எண்மராக வரும் உறவினரை இங்கே அழைத்து வரலாமா என்று எங்கள் வீட்டில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வதுண்டு.

உணவைப் பற்றி ஒரு சொல். கேழ்வரகுக் களியை இங்கே ராகி சங்கடி என்கிறார்கள். வேர்க்கடலைத் துவையலோடோ கீரைக் குழம்போடோ விருந்தினருக்கு ஒரு வேளை அதைக் கொடுங்கள். நாள்தோறும் இட்டலி உண்பதற்காக அவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

நாவும் நடத்தையும்

திருப்பதியில் தமிழ் மட்டும் தெரிந்தவரும் இடர்ப்படாமல் சமாளிக்கலாம். ஆயினும் நான்கு தெலுங்குச் சொற்களை விருந்தினருக்குக் கற்பித்து அனுப்புவது நாகரிகம். எக்கட என்றால் எங்கே. எந்த என்றால் எவ்வளவு. பெயருக்குப் பின் காரு சேர்த்தால் மரியாதை. ரண்டி என்றால் வாருங்கள். திரைப்படம் பார்த்துக் கற்றவர்கள் "ரா" என்று கடைக்காரரை அழைத்துவிடுகிறார்கள், அது ஒருமை, புண்படுத்தும். ஆட்டோ ஓட்டுநரை அண்ணா என்றும், பூ விற்கும் அம்மாளை அக்கா என்றும் அழைத்தால் இரு மொழிக்கும் பொருந்தும். செப்பு என்றால் சொல் என்று இங்கே கேட்கும்போது, நம் பழைய தமிழிலும் அச்சொல் உண்டே என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம்.

மற்றொரு செய்தியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சுவரில் தமிழைக் கண்ட விருந்தினர் சிலர் உணர்ச்சிவசப்பட்டு, "இது நம் ஊரல்லவா!" என்று உரக்கப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். எல்லை பற்றிய வழக்கு நெடுநாள் நடந்தது உண்மை. ம. பொ. சிவஞானம் அவர்களும் தோழர்களும் போராடியதும், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்ததும், திருப்பதி ஆந்திரத்தில் இருந்ததும் வரலாறு. வரலாற்றைப் படிக்கலாம், அண்டை வீட்டாரிடம் அதைக் கொண்டு சண்டை பிடிக்கலாகாது. நமக்கு வேலை கொடுத்ததும், நம் பிள்ளைகளுக்குப் பள்ளி கொடுத்ததும், காய்ச்சல் வந்த இரவில் கதவைத் திறந்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும் தெலுங்கு பேசும் இந்த மக்களே. அந்தக் கல்வெட்டுகளைத் தேய்ந்துபோக விடாமல் காத்தவர்களில் அவர்களும் உண்டு. சுவரிலுள்ள தமிழ் நமக்கு அளிப்பது உரிமைப் பத்திரம் அன்று, படிக்கும் கடமை.

முடிவாக

அத்தை இரண்டாம் முறை ஐந்து நாள் தங்கினார். மலைக்குப் போனது ஒரு நாள். மற்ற நாட்களில் மாலை தோறும் திண்ணையில் அமர்ந்து, எங்கள் மகளுக்குப் பலகையில் உயிரெழுத்து எழுதிக் காட்டினார். ஊருக்குத் திரும்பிய பின் மாதந்தோறும் ஒரு தபால் கார்டு பெரிய எழுத்தில் எழுதி அனுப்புகிறார். அவளும் பதில் எழுதுகிறாள். ர, ற குழப்பம் இன்னும் தீரவில்லை. சென்ற கார்டில் "மழை" என்பதை மூன்று விதமாக எழுதியிருந்தாள். பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, அந்தக் கார்டையே உறையில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார் ஓய்வு பெற்ற ஆசிரியை!

சங்க அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுவே. அடுத்த விருந்தினர் வரும்போது அவர்களிடம் ஒரு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். கோவிந்தராஜர் பிராகாரத்தில் நம் பிள்ளைகளோடு சற்று நில்லுங்கள். உங்கள் பகுதியில் விருந்தினருக்குக் காட்டத் தக்க இடம் வேறு இருந்தால், போகும் வழியும் நேரமும் குறித்து இப்பத்திரிகைக்கு எழுதுங்கள். எங்கள் வீட்டுக்கு அடுத்த மாதம் மதுரையிலிருந்து அறுவர் வருவதாகச் செய்தி வந்திருக்கிறது. எங்கள் கணக்குப்படி பன்னிருவர் வருவார்கள். அவர்களை எங்கெல்லாம் அழைத்துச் செல்வது என்று இப்போதே திட்டமிட வேண்டும்.